நடுவழியில் நின்ற வீடு

வீடு என்பது அசையாப் பொருள், வண்டி என்பது அசையும் பொருள் எனச் சட்ட நூலார் பகுத்து வைத்துள்ளனர். இவ்விரண்டையும் ஒன்றாகப் பொருத்திச் சில்லுப் பூட்டி வீதியில் ஓடவிட்டவர் மேனாட்டார். ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் இரட்டைத் தன்மை எவருக்கும் இடையூறாவதில்லை. எங்கோ ஒரு நெடுஞ்சாலையின் ஓரத்திலே, மழை பெய்யும் இரவொன்றிலே, எஞ்சின் அவிந்து அது நின்றுவிடும்போதுதான் வினா எழுகின்றது. அங்கே நிற்பது பழுதடைந்த வண்டியா, அன்றிப் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருக்கும் வீடா? உதவிக்கு வருகின்றவனுக்கு அது வண்டி. உள்ளே இருப்போருக்கு அது வீடு. இவ்வேறுபாட்டினால் விளையும் தொல்லைகளையும், அவற்றுக்கு அந்நாட்டினர் கண்ட பரிகாரங்களையும், அப்பரிகாரங்களில் உள்ள பொத்தல்களையும் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன்.

ஆங்கிலத்தில் இதனைக் 'கம்பர் வான்' என்பர். அச்சொல்லை அவ்வாறே எழுதினால், கவிச்சக்கரவர்த்தி ஏறிச் சென்ற வாகனமோ என எமது மாணவர்கள் மயங்கக்கூடும். ஆகையால் வீட்டு வண்டி என்றே வழங்குவேன். சாதாரண வானின் உட்புறத்தைக் கழற்றி வீடாக அமைத்ததும் உண்டு. லொறியின் அடிச்சட்டத்தின்மேல் அறை எழுப்பியதும் உண்டு. மடித்து விரிக்கும் படுக்கை, வாயு அடுப்பு, சிறு குளிர்ப்பெட்டி, தண்ணீர்த் தாங்கி, பெரியவற்றில் மலசலகூடமுங்கூட அமைந்திருக்கும்.

எமக்கும் இதற்கும் யாது தொடர்பு என வாசகர் வினவுதல் நியாயமே. எமது வீதிகளில் இத்தகைய வண்டியைக் காண்பது அரிது. ஆயினும், 1983இன் பின்னர் புலம்பெயர்ந்து ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, பிரான்சு, இங்கிலாந்து, கனடா முதலிய நாடுகளில் வேரூன்றிவிட்ட எம்மவர் குடும்பங்களிலே, கோடை விடுமுறைக்கு இவ்வண்டியை வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றுவோர் இருக்கின்றனர். இங்கிருந்து போய் நிற்கும் தாய் தந்தையரையும் ஏற்றிச் செல்கின்றனர். மலையடிவாரத்திலும் கடற்கரையிலும் எடுத்த படங்களை எமக்கு அனுப்புகின்றனர். வண்டி நின்றுபோன கதை மட்டும் தொலைபேசியிலேதான் வருகின்றது. அதனைப் படம் பிடிப்பாரில்லை.

இன்பப் பயணத்துக்கென்றே வீட்டு வண்டி கட்டுவித்தோருள் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்கொத்லாந்தியர். கடற்படையில் வைத்தியராயிருந்து, பின்னர் சிறுவர் கதைகள் எழுதிப் புகழ் பெற்றவர். 1885ஆம் ஆண்டில், பிரிஸ்ரல் நகரத்து வண்டித் தொழிற்சாலையொன்றிலே தமக்கென ஓர் அழகிய மரவீட்டு வண்டியைச் செய்வித்து, 'வண்டறர்', அதாவது நாடோடி, எனப் பெயரிட்டு, இரண்டு குதிரைகள் பூட்டி வடக்கு நோக்கிப் புறப்பட்டார். அவருடைய பரிவாரத்தில் ஒருவனுடைய வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது. மூன்று சில்லுச் சைக்கிளொன்றில் ஏறி வண்டிக்கு முன்னே சென்று, வீதி எப்படி, வளைவில் எதிரே வருவது யாது எனப் பார்த்து எச்சரிப்பதே அவ்வேலை. வழித்துணைச் சேவையின் ஆதி வடிவம் அவன்தான் எனலாம். அவனுக்குச் சம்பளம் கொடுத்தவர் ஒரே ஒரு பிரயாணி என்பதுதான் வேறுபாடு. அந்த வண்டி இன்றும் இங்கிலாந்தில் பேணப்பட்டு வருகின்றது.

மோட்டார்க் காலம் வந்தபின் ஜேர்மனியிலே, 1931இல், இஸ்னி என்னும் ஊரைச் சேர்ந்த அரிஸ்ற் டெத்லெவ்ஸ் என்பார் காரின் பின்னே பூட்டி இழுக்கும் வீடொன்றைச் செய்தார். குதிரைச் சவுக்கும் பனிச்சறுக்குக் கோலும் செய்து விற்கும் குடும்பம் அவருடையது. வியாபாரத்தின் பொருட்டு வாரக்கணக்கில் ஊரூராகத் திரிய வேண்டியவர். அவர் கரம்பற்றவிருந்த நங்கையோ ஓவியர், பிரிந்திருக்க மனமில்லாதவர், கூடவே வந்து வழியிற் காண்பதைத் தீட்ட விரும்பினார். அவ்விருப்பமே ஒரு கைத்தொழிலுக்கு வித்தாயிற்று. பின்னர் 1950இல் வொல்க்ஸ்வாகன் நிறுவனம் தன் சிறு வானைச் செய்யத் தொடங்கியது. 1951இல் வெஸ்ற்பாலியா என்னும் வண்டி கட்டுவோர், அவ்வானுக்குள் வைத்து எடுக்கக்கூடிய அலமாரியும் படுக்கையும் சேர்ந்த பெட்டியொன்றை விற்பனைக்கு விட்டனர். நடுத்தரக் குடும்பத்தவனும் வீட்டோடு வீதியில் இறங்கும் காலம் அத்துடன் பிறந்தது.

இனி உதவிக் கழகங்களின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இதிலே வேடிக்கையொன்று உண்டு. இங்கிலாந்தின் 'ஏ.ஏ.' எனப்படும் மோட்டார்ச் சங்கம் 1905இல் தோன்றியபோது, பழுதுபார்ப்பது அதன் நோக்கமன்று. மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓட்டலாகாது என்பது அக்காலச் சட்டம். பொலிசார் வேலியோரத்தில் ஒளிந்திருந்து மறித்துக் குற்றப் பணம் வசூலித்தனர். ஒளிந்திருக்கும் பொலிசாரைக் கண்டு சொல்லச் சைக்கிளில் ஆட்களை நிறுத்துவதற்கே சங்கம் கூடிற்று! 1910ஐ ஒட்டி நீதிமன்றம், வேகமாக வருபவனை எச்சரித்து மெதுவாக்குவது பொலிசாரின் கடமைக்கு இடையூறு செய்வதாகும் எனத் தீர்த்தது. சங்கத்தார் சளைக்கவில்லை. அங்கத்தவரின் காரிலே சங்கச் சின்னத்தைக் கண்டால் காவலன் சலூட் அடிக்க வேண்டும். அவன் அடிக்காவிட்டால் வண்டியை நிறுத்தி ஏன் அடிக்கவில்லை என்று கேட்க வேண்டும் என விதி செய்தனர். மரியாதை செய்யாததற்காக ஒருவனைத் தண்டிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லையல்லவா!

அந்தக் காவலர் கையிலேயே பின்னர் ஆயுதப் பெட்டி ஏறியது. சைக்கிள் போய்ப் பக்கப்பெட்டி பூட்டிய மோட்டார்ச் சைக்கிள் வந்தது. வீதியோரங்களிற் சிறு மரக்கூண்டுகள் எழுந்தன. அவற்றில் தொலைபேசி வைக்கப்பட்டது. அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் அக்கூண்டின் திறப்பு வழங்கப்பட்டது. சலூட் அடிக்கும் வழக்கம், வாகனங்கள் பெருகிவிட்டமையால், 1960களின் தொடக்கத்திலே கைவிடப்பட்டது. 1973இல், வழியில் சரிப்படுத்த முடியாத வண்டியையும் அதிலுள்ளோரையும் நாட்டின் எப்பகுதிக்கும் கொண்டு சேர்க்கும் சேவை ஆரம்பமாயிற்று. வீட்டு வண்டிக்காரருக்கு இதுவே உயிர்நாடியான மாற்றம். அதற்கு முன்னர், அருகிலுள்ள கராச்சில் விட்டுவிட்டுப் போவதுடன் உதவி முடிந்தது.

இழுவை லொறியின் பிறப்பு அமெரிக்காவில். 1916இல், டெனசி மாநிலத்துச் சற்றனூகா நகரிலே கராச்சு வைத்திருந்த ஏர்னெஸ்ற் ஹோம்ஸ் என்பவரிடம், ஓடைக்குள் குடைசாய்ந்த காரொன்றை எடுத்துத் தரும்படி கேட்டனர். காரின் சொந்தக்காரர் அவருக்கு முன்பு கல்வி கற்பித்தவர் என்பர். ஆசிரியருக்காக மாணாக்கன் சிரமப்பட்டான் என்பதைக் கேட்க என் போன்றோருக்கு மகிழ்ச்சியே. கட்டைகளும் கயிறுகளும் ஆறு பேருமாகப் பெரும்பாடு பட்டுத்தான் அதனைக் கரையேற்றினார். வீடு திரும்பியவர், இதற்கொரு கருவி செய்யாமல் விடேன் என இருந்து, 1913ஆம் ஆண்டுக் கடிலாக் காரொன்றின் சட்டத்திலே மூன்று தண்டுகளை நாட்டிக் கப்பியும் சங்கிலியும் பூட்டினார். இன்று உலகெங்கும் ஓடும் இழுவை லொறிகளுக்கு அதுவே தாய். அவ்வூரிலே இழுவை வண்டிகளுக்கென ஒரு காட்சிச்சாலையும் உண்டு.

அந்நாட்டு வீட்டு வண்டிக்காரரிடையே 1966இல் தோன்றிய சங்கம் ஒன்றினைத் தனியே குறிப்பிட வேண்டும். யூட்டா மாநிலத்திலிருந்து வாசகர் ஒருவர், வீட்டு வண்டிகளுக்கான சஞ்சிகையொன்றுக்குக் கடிதம் எழுதினார். வழியில் நின்றவனைக் கண்டால் நின்று உதவச் சித்தமாயிருப்போர், தம் வண்டியின் பின்னே ஓர் அடையாளம் ஒட்டிக்கொண்டால் என்ன என்பதே அவர் யோசனை. விவிலியத்திலே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனை எடுத்துப் பராமரித்த நல்ல சமாரியனின் பெயரைச் சுருக்கி 'குட் சாம்' எனச் சங்கத்துக்குப் பெயரிட்டனர். ஒளிவட்டம் சூடிய சிரித்த முகம் அடையாளமாயிற்று. தொடக்கத்தில் காப்புறுதியும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஒருவர் மற்றவருக்கு ரயர் மாற்றிக் கொடுத்தார்; அவ்வளவே. இன்று அப்பெயர் ஒரு பெரிய வியாபார நிறுவனத்துக்கு உரியது. உதவி வேண்டுவோர் ஆண்டுதோறும் பணம் கட்டி உறுப்புரிமை பெறுகின்றனர்.

இதனை வீழ்ச்சி என்று நான் கூற மாட்டேன். நள்ளிரவில் ஆளில்லாத பாலைநிலத்தில் நிற்கும் குடும்பத்துக்கு, யாரேனும் நல்லவர் வரக்கூடும் என்பதினும், வந்தே தீர வேண்டிய கடப்பாடுடையவர் ஒருவர் உளர் என்பது பெரிய ஆறுதல். ஆனால், நல்லவர் வண்டியை அளந்து பார்த்து உதவுவதில்லை. ஒப்பந்தக்காரர் அளந்துதான் உதவுவார். இங்கிலாந்தின் ஏ.ஏ. அங்கத்தவருக்குச் சொந்தமான சங்கமாக இருந்த நிலை 1999இல் முடிந்தது. அங்கத்தவரே வாக்களித்து அதனை ஒரு கம்பனிக்கு விற்றனர். 1897இல் பிறந்த ஆர்.ஏ.சி.யின் வீதி உதவிச் சேவையும் அதே ஆண்டில் விற்கப்பட்டது. ஜேர்மனியின் 'ஆடாக்' மட்டும் இன்றும் சங்கமாகவே நிலைத்திருக்கின்றது. 1903இல் மோட்டார்ச் சைக்கிள்காரரின் கழகமாகத் தோன்றிய அதற்கு இப்போது 2 கோடிக்கு மேற்பட்ட அங்கத்தவர். 1954இல் வீதிக் காவலைத் தொடங்கிய அதன் மஞ்சள் வாகனக்காரரை மக்கள் 'மஞ்சள் தேவதூதர்' என்பர். 2014இல், அச்சங்கம் வழங்கும் கார்ப் பரிசின் வாக்கெண்ணிக்கையில் புரட்டு நடந்தது வெளியாகித் தலைவர் பதவி துறக்க நேர்ந்தது. தேவதூதருக்கும் கணக்கு ஆய்வு வேண்டும் போலும்.

இனி ஒப்பந்தத்துக்குள் நுழைவோம். வீட்டு வண்டிக்காரரை முதலில் மறிப்பது எடை. சாதாரண கார் உதவித் திட்டங்களிற் பல, 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை ஏற்பதில்லை. இந்த எண் மனம் போனவாறு வைத்ததன்று. ஐரோப்பாவில் சாதாரண ஓட்டுநர் உரிமத்தின் எல்லையாக நெடுங்காலம் வழங்கிவந்தது அதுவே. அன்றியும், மொத்தம் 7,500 கிலோவுக்குக் கட்டிய இழுவை லொறியின் சொந்த எடையே அதிற் பாதியை விழுங்கிவிடுவதால், அதன் முதுகில் ஏற்றக்கூடியதும் ஏறக்குறைய அவ்வளவினுள் அடங்கும். அதனினும் கனத்த வீட்டு வண்டிக்குப் பெரிய லொறியை வரவழைக்க வேண்டும், அது தொலைவில் நிற்கும், செலவும் பன்மடங்கு.

ஆகவே 3,500க்குள் அடங்கும் வண்டியை வாங்கினாற் கவலையில்லை எனச் சொல்லலாமோ? மாணவர்கள் ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கட்டும். ஓட்டுநரின் எடையையும் சேர்த்து வெறும் வண்டி 3,050 கிலோ என வைத்துக்கொள்வோம். மிச்சம் 450. மனைவியும் இரு பிள்ளைகளும் சேர்ந்து 150 எனின் மிச்சம் 300. தாங்கியில் 100 லீற்றர் தண்ணீர் நிரப்பினால் அது 100 கிலோ, மிச்சம் 200. பின்னே மாட்டிய இரண்டு சைக்கிள்களும் அவற்றைத் தாங்கும் சட்டமும் 50. பக்கத்தில் பொருத்திய விரிகூடாரம் 30. வாயுச் சிலிண்டரும் இரண்டாவது பற்றறியும் 50. எஞ்சிய 70 கிலோவுக்குள் உடுப்பு, பாத்திரம், அரிசி, கதிரை, கூடவே வரும் மாமியார் யாவும் அடங்க வேண்டும். அடங்குவதில்லை. ஆதலால் கடதாசியில் 3,500 ஆக இருக்கும் வண்டி, வீதியில் 3,800 ஆக ஓடுகின்றது. ரயர் வெடிப்பதும் அதனால். இழுக்க வந்தவன் தயங்குவதும் அதனால்.

இங்கிலாந்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1997ஆம் ஆண்டுக்கு முன் உரிமம் பெற்றோர் 7,500 கிலோ வரை ஓட்டலாம். ஆனால் 70 வயதை எட்டியதும் வைத்தியப் பரிசோதனையில் தேறினாலன்றி அவ்வுரிமை நீங்கிவிடும். ஓய்வூதியக்காரர் பலர் பரிசோதனைக்கு அஞ்சி, அதே வண்டியின் அனுமதி எடையைப் பத்திரத்தில் 3,500 எனக் குறைத்துப் பதிவு செய்கின்றனர். வண்டி ஓர் இறாத்தலும் இளைப்பதில்லை.

எடைக்கு அடுத்தபடி நீளமும் உயரமும். காரை இழுப்போர் முன் சில்லுகளைத் தூக்கிப் பின் சில்லுகளில் உருட்டிச் செல்வதுண்டு. வீட்டு வண்டியின் பின்பகுதியோ, பின் அச்சுக்கு அப்பால் ஐந்தாறடி நீண்டு தொங்குவது. முன்னே தூக்கினாற் பின்னே நிலத்திற் தேயும். கழிவுநீர்த் தாங்கி உடையும். பின் சில்லால் ஓடும் வண்டியாயின், அதிலும் தானாக வேகம் மாற்றும் பல்லிணைப் பெட்டியுடையதாயின், அச்சில்லுகளை உருளவிடுவதே கேடு. எஞ்சின் ஓடாதபோது பெட்டிக்குள் எண்ணெய் சுற்றுவதில்லை. ஆகவே முதுகில் ஏற்றிச் செல்வதே முறை. ஆனால் மூன்று மீற்றர் உயரமான வீட்டை, நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயர்ந்த தட்டில் ஏற்றினால் நான்கு மீற்றர் ஆகும். ஐரோப்பிய நாடுகளிற் பெரும்பாலானவற்றில் அதுவே சட்டத்தின் மேலெல்லை. பழைய பாலங்களின் கீழே புகுவதற்கு அதுவும் பொருந்தாது.

என் தமக்கையின் மகள் ஜேர்மனியில் வாழ்பவள். கணவனும் இரு பிள்ளைகளும் மாமியாருமாக, வாடகை வீட்டு வண்டியொன்றில் பிரான்சின் தென்பகுதிக்குப் புறப்பட்டாள். லியோன் நகரைக் கடந்து மார்செய் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையிலே, ஒரு சனிக்கிழமை மாலை, மின்னாக்கியைச் சுழற்றும் பட்டி அறுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது, எஞ்சின் கொதித்தது, ஓரங்கட்டி நிறுத்தினர். கணவன் ஒப்பந்தத்திலுள்ள ஜேர்மன் இலக்கத்தை அழைத்தான். அரைமணி நேரம் இசை கேட்டபின் கிடைத்த மறுமொழி, அந்தச் சாலைக்கு எங்களால் ஆள் அனுப்ப முடியாது, அங்குள்ள செம்மஞ்சள் தொலைபேசியிற் பேசுங்கள் என்பது.

அம்மறுமொழி பொய்யன்று. பிரான்சின் பெருஞ்சாலைகளிலே அரசின் அனுமதி பெற்ற இழுவைக்காரரே வரலாம். எந்தக் கழகத்தின் அங்கத்தவரானாலும் அதே விதி. சாலையோரத்துச் செம்மஞ்சள் தொலைபேசியையோ 112 என்னும் இலக்கத்தையோ அழைக்க வேண்டும். கட்டணத்தை அரசே நிர்ணயிக்கின்றது. அதனைக் கையிலிருந்து கட்டிப் பற்றுச்சீட்டைப் பேணிவைத்து, நாடு திரும்பியபின் கழகத்திடம் கேட்டுப் பெறலாம். நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் இதனை வாடகைக் கம்பனி வண்டியைக் கையளித்த நாளிலேயே ஒரு வரியிற் சொல்லியிருக்கலாமே! ஒப்பந்தத்தில் இருக்கின்றதாம், பதினான்காம் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தாற் போன்ற எழுத்தில்.

வந்த லொறி சிறிது. மறுபடி பெரியதொன்று வர இரவாயிற்று. அதன் முன்னறையில் ஓட்டுநரை நீக்கி இருவருக்கே ஆசனம். ஏற்றிய வீட்டுக்குள் ஆட்கள் இருத்தல் எங்குமே தடை. மூதாட்டியையும் சிறுவனையும் லொறியில் ஏற்றிவிட்டு, மற்றையோர் வாடகைக் காரில் பின்தொடர்ந்தனர். கராச்சின் கதவு உயரம் போதாமையால் வண்டி வெளிமுற்றத்தில் விடப்பட்டது. பட்டி திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்றனர். முற்றத்தில் வாயு பற்றவைக்கலாகாது என்பது அவர்கள் கட்டளை. வாயு இல்லையேல் குளிர்ப்பெட்டி இல்லை. குளிர்ப்பெட்டிக்குள் மாமியாரின் இன்சுலின் இருந்தது. வெயிலில் அடைபட்ட வண்டிக்குள் அம்மருந்து இரண்டு நாளில் கெட்டுவிடும். கோட்டல் அறைக்குக் காப்புறுதிக்காரர் பணம் தருவரோ மாட்டாரோ என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. முதலிற் கண்ட கோட்டலின் குளிர்ப்பெட்டியில் மருந்தை வைத்துவிட்டுத்தான் அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அறைக்கான பணம் இரண்டு மாதத்தின் பின் வந்தது.

ஓரங்கட்டி நிற்கும் அந்த அரைமணி நேரமே யாவற்றிலும் ஆபத்தானது. இங்கிலாந்தின் வீதி விதிநூல், இடப்பக்கக் கதவால் இறங்கித் தடுப்பு வேலிக்கு அப்பாற் சென்று நிற்குமாறு கூறுகின்றது. மோட்டார் நெடுஞ்சாலையிலே எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு நடக்கவே கூடாது என்கின்றது. ஐரோப்பிய நிலப்பரப்பிற் கட்டப்படும் வீட்டு வண்டிகளின் வீட்டுக் கதவோ பெரும்பாலும் வலப்பக்கத்தில் உள்ளது. அங்கே அது நடைபாதைப் பக்கம். இடப்பக்கம் ஓட்டும் இங்கிலாந்துக்கு வந்தால் அதுவே வாகனங்கள் பறக்கும் பக்கம். உறக்கத்தில் எழுந்த பிள்ளை பழக்கத்தால் அக்கதவைத் திறந்தால் என்னாகும் என எண்ணவே நெஞ்சு நடுங்குகின்றது. அந்நாட்டிலே சில நெடுஞ்சாலைகளின் ஓரப்பாதையையும் போக்குவரத்துக்குத் திறந்துவிட்டு, இடையிடையே ஒதுங்குமிடம் மட்டும் அமைத்திருந்தனர். உயிரிழப்புக்களின் பின் மக்கள் எதிர்ப்பு வலுத்தது. 2023 ஏப்ரிலில், இனிப் புதிதாக அவ்வாறு செய்வதில்லை என அரசு அறிவித்தது. முன்பு மாற்றியவை அவ்வாறே உள்ளன.

உதவ வருபவனும் அதே ஓரத்திலேதான் நிற்கின்றான். சற்றனூகாக் காட்சிச்சாலையிலே, பணியின்போது மாண்ட இழுவைக்காரரின் பெயர்களைப் பொறித்த சுவரொன்று எழுப்பப்பட்டுள்ளது. அமெரிக்க மாநிலங்கள் யாவற்றிலும் இப்போது, நிற்கும் உதவி வாகனத்தைக் கண்டால் வேகத்தைக் குறைத்து அடுத்த நிரைக்கு விலகிச் செல்ல வேண்டும் என்னும் சட்டம் இருக்கின்றது.

வேறு சிறு தொல்லைகளும் உள. வீட்டு வண்டி ஆண்டிற் பாதி நாள் நிற்பது. ஆதலால் அதன் ரயர் தேய்ந்து கெடுவதில்லை, கிடந்து வெடித்துக் கெடுகின்றது. பற்றறியும் நின்றே இறக்கின்றது. பல புதிய வண்டிகளில் மேலதிகச் சில்லு கிடையாது. காற்றடிக்கும் பொறியும் பசைப் போத்தலும்தான். நிறுத்துமிடம் பெரும்பாலும் புல்வெளி. ஓரிரவு மழை பெய்தாற் சில்லு புதைந்துவிடும். இதனைப் பழுதென்று கருதாத ஒப்பந்தங்கள் பல. வண்டி நன்றாகத்தானே இருக்கின்றது, நிலமல்லவா கெட்டது என்பது அவர்கள் வாதம். எமது வயற்காரர் வண்டில் புதைந்தால் அப்படியொரு தர்க்கம் பேசுவதில்லை. இன்னொரு சோடி மாட்டைக் கொண்டு வருவர்.

இறுதியாக, வீட்டு வண்டியையே நிரந்தர வீடாகக் கொண்டோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாடகை உயர்ந்துவிட்டமையால் வேறு வழியின்றி அதிற் குடியேறியோர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர். ஒப்பந்தங்களிலே உங்களை வீடு கொண்டு சேர்ப்போம் என்னும் வாசகம் ஒன்று உண்டு. இவர்களுக்கோ இழுத்துச் செல்லப்படுவதே வீடு. விண்ணப்பத்தில் நிலையான முகவரி கேட்கின்றனர். மகனின் முகவரியையோ நண்பனின் முகவரியையோ எழுதிக் கொடுக்கின்றனர். தொடர்ந்து இத்தனை நாளுக்கு மேல் வெளியே தங்கலாகாது என்னும் விதி வேறு இருக்கும். கராச்சில் வண்டி பத்து நாள் கிடந்தால், மற்றையோருக்கு விடுமுறை கெடுகின்றது. இவர்களோ பத்து நாளும் தெருவில் நிற்கின்றனர். மாற்றுக் கார் தருவதாகச் சொல்லும் திட்டங்கள் உண்டு. காருக்குள் கட்டிலும் அடுப்பும் இல்லை என்பதை அவை எண்ணவில்லை. இக்குறையைத் தீர்க்கும் தனித் திட்டங்கள் சில வந்துள்ளன, விலை அதிகம், அவற்றை வாங்கும் வசதியிருந்தால் இவர்களிற் பாதிப்பேர் வண்டியிற் குடியிருக்கவே மாட்டார்கள்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு இவ்வாண்டுக் கோடைக்கு முன் எழுதுவோர், பின்வருவனவற்றையும் சேர்த்து எழுதுக. வண்டியின் கதவுச் சட்டத்திலோ எஞ்சின் மூடியின் கீழோ பொருத்திய தகட்டில் அனுமதி எடை பொறிக்கப்பட்டிருக்கும். பொருள்களை ஏற்றிய பின் எடைத்தட்டொன்றில் நிறுத்திப் பார்த்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒப்பந்தத்தில் எடை, நீளம், அகலம், உயரம் ஆகிய நான்குக்கும் எல்லை உண்டா எனக் கேட்க வேண்டும். வண்டியில் எத்தனை பேர் செல்வர் என்பதையும், அத்தனை பேரையும் ஏற்றிச் செல்லும் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுத்திற் பெற வேண்டும். மருந்துக்குத் தனியே ஒரு குளிர்ப்பை வேண்டும். உயரத்தை அளக்கும்போது, கூரைமேற் பொருத்திய குளிரூட்டியையும் சூரிய மின்தகட்டையும் சேர்த்தே அளந்து, அவ்வெண்ணைக் கடதாசியில் எழுதி ஓட்டுநரின் கண்ணெதிரே ஒட்டிவைத்தல் அந்நாட்டு வண்டிக்காரர் பலரின் வழக்கம்.